பால் வெள்ளை ஜன்னல்

"...அப்ப ரூமுக்குள்ள நீ போகவே இல்ல?"

"வாசல்லயே நின்னுட்டேன் சார். பெரியவர் தரையில கெடந்தாரு. கத்தினேன்."

இன்ஸ்பெக்டர் நம்பியதாகத் தெரியவில்லை.

கெமிஸ்ட் தன் கையுறையின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பக்கத்து சோதனை அறையில் ஆய்வுக்கூடத்தின் தலைவர்... மண்டை பிளந்து. அருகே அவளுடைய ஸ்பானர்.

"ஸ்பானர் உன்னோடது. நேத்து அவரோட சண்டையும் போட்டிருக்கே."

"வேலை போகப்போற ஆத்திரம் சார்," என்றார் துணைத் தலைவர். இடது தாடையில் ஐஸ் பை. கடைவாய்ப் பல் காலையிலிருந்து அவரைப் பாடாய்ப் படுத்தியது. "ஜன்னல் கண்ணாடிக்குள்ள ஊத்தற இவளோட திரவப் படிகம் மூணு தடவை ஃபெயில். டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் எழுதினதே நான்தான்."

"நீங்க எங்கே இருந்தீங்க?"

"என் ரூம்ல. பல்வலியில அசையவே முடியல."

அவள் கையுறையைக் கழற்றினாள். வேலை போகட்டும்... கழுத்துக்கே கயிறு வருகிறதே!

சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார், ரெண்டு ரூமுக்கும் நடுவுல அந்தச் சின்ன ஜன்னல்... பெரியவர் இன்னைக்கு அவரே டெஸ்ட் பண்றேன்னு சொன்னாரு. காலையிலதான் அந்த ஸ்பானரால என் படிகத்தை அதுல பொருத்தினேன். இந்தப் பக்கம் கேமரா ஓடிட்டே இருக்கு."

இன்ஸ்பெக்டர் ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். பால் வெள்ளை. அந்தப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

"இதுல என்னம்மா தெரியும்?"

"கண்ணுக்குத் தெரியாது சார். அது உடம்புச் சூட்டைப் பார்க்கிற கேமரா. பழைய படிகம் அந்தச் சூட்டை முழுங்கிடும். நான் மூலக்கூறுல முழுங்கற ஹைட்ரஜனைக் கழட்டிட்டு குளோரின் மாட்டினேன். கண்ணுக்கு மறைக்கணும்... சூட்டுக்கு வழி விடணும்."

"விடாது சார்," துணைத் தலைவர் சிரித்தார். "என் ரிப்போர்ட்லயே இருக்கு. போட்டுக் காட்டச் சொல்லுங்க, வெறும் கறுப்புதான்."

அவள் கேமராப் பதிவை ஓட்டும் பொத்தானில் விரலை வைத்தாள். அழுத்தினாள்.

திரை கறுப்பு.

இன்னும் கறுப்பு...

கதவு திறந்தது. உடம்புச் சூட்டில் வெள்ளையாய் ஓர் உருவம். பெரியவரின் தொப்பை. காகிதத்தைத் தட்டித் தட்டி யாரையோ திட்டினார்.

பின்னால் இரண்டாவது உருவம். வலது கையில் ஸ்பானர். இடது கை தாடையில்... அங்கே மட்டும் கன்னங்கரேல் என்று ஜில்லிட்ட ஒரு பை.

அறையில் ஐஸ் உருகிச் சொட்டியது.

"அடப்பாவி, கொல்லும்போதுகூட ஒத்தடமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது.

"ஒரு தடவைகூட டெஸ்ட் பண்ணல, இல்ல சார்? பழைய படிகத்தோட ரிசல்ட்டை அப்படியே எழுதிட்டீங்க. பெரியவர் அதைப் பிடிச்சுட்டாரு. நீங்க எழுதின பொய்யை நீங்களே நம்பி, கேமரா முன்னாலயே..."

துணைத் தலைவர் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பல்லா, பயமா, தெரியவில்லை.

கான்ஸ்டபிள் விலங்கோடு வந்தார்.

"ஒரு நிமிஷம் அண்ணே." அவள் மேஜையிலிருந்து ரிப்போர்ட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள்.

"சார்... கை சும்மா இருக்கும்போதே 'பாஸ்'னு மாத்தி ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்களேன்?"