ஜாடிக்குள் இருந்த நோய்

1943, ஒரு புதன்கிழமை. காலை 7.10.

மட்டக்களப்பு வாவிக்கரையில் டாக்டர் சாமுவேல் குமாரகுலம் நடத்திவந்த சொந்த வைத்தியசாலையில் ஒரு சிறுநீரகம் களவு போயிருந்தது.

அலுமாரியின் பூட்டு உடைந்து கிடந்தது. ஜாடி நின்ற இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம். அதற்கு முன்னால் டாக்டர், தன் செத்தவீட்டுக்குத் தானே தலைமை தாங்குகிறவரைப்போல், கறுப்புக் கோட்டில் நின்றார்.

மூன்று மாதத்துக்கு முன், காத்தான்குடி நெசவாளி முத்தலிபின் ஒன்பது வயது மகள் ஸஹீதாவுக்குக் கடும் இரத்த அழுத்தம். நோய்ப்பட்ட சிறுநீரகத்தை எடுத்தால் அழுத்தம் இறங்கும் என்று மேல்நாட்டுச் சஞ்சிகையில் வாசித்த டாக்டர், ஒன்றை எடுத்து ஜாடியில் காட்சிக்கு வைத்துவிட்டார். படம்பிடிப்பவரையும் அழைத்திருந்ததால் அன்று டாக்டரின் கண் பெரும்பாலும் கமராவில் இருந்தது. அழுத்தம் இறங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். தலையிடி இறங்கவில்லை என்று பிள்ளை சொன்னாள். பத்திரிகைகள் டாக்டர் சொன்னதைப் போட்டன.

இன்று பத்து மணிக்கு, கொழும்புப் பேராசிரியர் முன்னிலையில், இரண்டாவது சத்திரசிகிச்சை. வாகரையிலிருந்து வந்த பத்தினிப்பிள்ளையின் எட்டு வயது மகன் கட்டிலில் தயாராகக் கிடந்தான். தாய் அவன் காலைப் பிடித்தபடி இருந்தாள்.

“ஜாடியில என்ன இருந்தது?” சப் இன்ஸ்பெக்டர் இராசதுரை கேட்டார்.

“நெடுக்காகப் பிளந்த இரண்டு பாதிகள். நோயால் சுருங்கிச் சிறுத்தவை. எடுத்தவன் முத்தலிப்தான். புதைக்க வேண்டுமென்று அப்போதே இரண்டு நாள் நச்சரித்தான். என் விளக்கத்தைக் கேட்டபின் வாயே திறக்கவில்லை.”

தாதி அன்னப்பூரணியிடம் அலுமாரிப் பூட்டைத் திறக்கும் மறுதிறப்பு இருந்தது. நேற்று நாலு மணிக்கு அவள்தான் ஜாடியைத் துடைத்திருக்கிறாள்.

“முழுசாத்தான் இருந்தது ஐயா. அவரைக்கொட்டை மாதிரி.”

முத்தலிபை அழைத்து வந்தார்கள். மனித உறுப்பை மண்ணில் அடக்குவதே தங்கள் வழக்கம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஜாடியைத் தொடவில்லை என்றும் சொன்னார்.

“அப்ப ஏன் மூணாம் நாள் கேக்கிறத விட்டீங்க?” என்றார் இராசதுரை.

முத்தலிபின் கண் ஒருதரம் அன்னப்பூரணியிடம் போய்த் திரும்பியது. அவள் மடித்துக்கொண்டிருந்த துவாய் பாதியில் நின்றது.

9.45. பேராசிரியர் வந்து சேர்ந்தார். இராசதுரை எல்லோரையும் அலுமாரிக்கு முன்னால் கூட்டினார்.

“பிள்ளைர உறுப்பை அடக்கத் துடிச்ச மனிசன் ஒரு பிரசங்கத்தைக் கேட்டு அடங்குவாரா, டாக்டர்? கேட்டது கைக்கு வந்திட்டு, அடங்கிட்டார். ஸஹீதாட குண்டிக்காய் மூணு மாசமா மண்ணுக்குள்ள கிடக்கு.”

“அப்படியானால் ஜாடியில்?” பேராசிரியர் கேட்டார்.

அன்னப்பூரணி நிலத்தைப் பார்த்தாள். “அந்த மனிசன் அழுறதப் பாக்க ஏலாம குடுத்திட்டன் சேர். சமையலுக்கு வந்த ஆட்டுட குண்டிக்காய ஜாடியில போட்டன்.”

சுருங்கிச் சிறுத்தது என்று டாக்டர் மூன்று மாதம் விரிவுரை செய்தது, அளவாக வளர்ந்த ஓர் ஆட்டின் உறுப்பைப் பற்றி.

“நேத்து நாலு மணிக்கு முழுசு,” என்றார் இராசதுரை. “உங்கட முறைப்பாட்டில ரெண்டு பாதி. பிளந்தது நீங்க, பேராசிரியருக்குக் காட்ட. உள்ளுக்க என்னத்தைக் கண்டு பயந்தீங்க?”

பேராசிரியரே பதில் சொன்னார். மனிதச் சிறுநீரகத்தைப் பிளந்தால் பல கூம்புகள் தெரியும். ஆட்டினதில் ஒரே ஒரு மேடு. முதலாண்டு மாணவனுக்கும் தெரியும்.

“அதக் கண்டவர்தான் ஜாடிய ஒளிச்சார், பூட்டையும் உடைச்சார். நீங்கதான், டாக்டர்.”

“அது என் சொத்து,” என்றார் டாக்டர்.

“ஓம். களவுக்கு வழக்கில்ல. பொய் முறைப்பாட்டுக்கு இருக்கு.”

டாக்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். எது எப்படியானாலும் இந்தப் பையனுடைய நோய்க்குறிகள் ஜாடியிலிருந்த மாதிரியோடு அச்சொட்டாகப் பொருந்துகின்றன, சிகிச்சையைத் தாமதிப்பது ஆபத்து என்றார்.

பத்தினிப்பிள்ளை எழும்பினாள்.

“ஆட்டுக்கிருந்த வருத்தமா ஐயா என்ட புள்ளைக்கும்?”

மகனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வெளியே நடந்தாள். ஸஹீதாவை உடனே கூட்டிவரும்படி முத்தலிபிடம் சொல்லிவிட்டு, பேராசிரியர் தன் இரத்த அழுத்தமானியோடு பத்தினிப்பிள்ளையின் பின்னால் போனார்.

இன்றும் விறாந்தையில் காத்திருந்த படம்பிடிப்பவர் கமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார். டாக்டரைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.