எந்தப் பெயரில் தேடுவது?

பொங்கோல் வட்டாரத்தில் வர்ஷா குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிகளுக்குப் பக்கத்தில், ஒரு குட்டி நூலகம் இருந்தது. குட்டி என்றால் குட்டியேதான். எட்டு இரும்பு அலமாரிகள், இரண்டு மேசைகள், ஒரு கணினி. மழைச் சாரல் அடிக்கும், புறாக்கள் வந்து கூத்தடிக்கும் என்பதால் அலமாரிகளைப் பூட்டியே வைத்திருப்பார்கள். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைக் கணினிதான் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் வர்ஷா பையோடு நேராக அங்கே ஓடி வந்தாள். பிரைமரி ஃபோரில், அதாவது நான்காம் வகுப்பில், படிக்கும் அவளுக்கு அன்று தலைகால் புரியாத மகிழ்ச்சி.

"ஆண்ட்டி, சனிக்கிழமைக்கு புக்ஸ் எடுத்து வைக்கலாமா?"

"வா வா, உனக்காகத்தான் உக்காந்திருக்கேன்" என்றார் சுந்தரி ஆண்ட்டி. நூலகத்தைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

சனிக்கிழமை எழுத்தாளர் வைதேகி அழகர்சாமி வரப்போகிறார். அழைத்தது வர்ஷா. 'எங்கள் நூலகத்தில் உங்கள் புத்தகங்களைத்தான் போட்டி போட்டு வாசிக்கிறோம்' என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அவரும் உடனே வருவதாகச் சொல்லிவிட்டார். அவர் எழுதிய புத்தகங்களை எல்லாம் மேசையில் அடுக்கி வைக்க வேண்டும். அது வர்ஷாவின் வேலை.

ஆண்ட்டி 'வைதேகி' என்று தட்டினார். கணினி கொஞ்சம் யோசித்தது. 'புத்தகம் எதுவும் இல்லை' என்றது.

"என்ன ஆண்ட்டி இது? போன மாசம்கூட நான் எடுத்துட்டுப் போனேனே!"

"அது பழைய கம்ப்யூட்டர் இருந்தப்ப. இப்பதான் புது புரோகிராம் போட்டிருக்கோம்ல?" ஆண்ட்டி மறுபடியும் தட்டினார். அதே பதில். அவர் முகம் வாடிப்போனது. "ஐயோ வர்ஷா... கிராஞ்சியில ஊழியர் தங்குற விடுதிக்குப் பெட்டி பெட்டியா புக்ஸ் அனுப்பினோமே. அதோட இதுவும் போயிடுச்சு போல."

புத்தகத்தின் பெயரைப் போட்டுத் தேடவும் வழியில்லை. எல்லாப் பெயர்களையும் ஏற்ற டிசம்பர் விடுமுறை வரை ஆகும் என்று ஆண்ட்டி முன்பே சொல்லியிருந்தார். இப்போதைக்கு எழுத்தாளர் பெயரும் அலமாரி எண்ணும் மட்டும்தான் கணினிக்குத் தெரியும்.

வர்ஷா வெறும் மேசையைப் பார்த்தாள். போட்டி போட்டு வாசிக்கிறோம் என்று எழுதியாயிற்று. எழுத்தாளர் வந்து பார்த்தால் ஒரு புத்தகம்கூட இருக்காது. இந்தப் பெண் என்னமாய்ப் புளுகியிருக்கிறாள் என்றுதானே நினைப்பார்? அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து அவளுடைய தோழி அமீரா புத்தகம் இரவல் வாங்க வந்தாள். ஆண்ட்டி அவளுடைய அட்டையைக் கணினியில் காட்டினார். திரையில் 'வணக்கம், ரமீஸ்!' என்று வந்தது.

அமீரா விழுந்து விழுந்து சிரித்தாள். "ரமீஸ் எங்க அப்பா! அவர் இங்க வந்ததே இல்லை லா. புக்கைத் திறந்தாலே தூங்கிடுவாரு."

வர்ஷா சிரிக்கவில்லை. கண்களை உருட்டித் திரையையே பார்த்தாள்.

"ஆண்ட்டி, ஏன் அவளை அப்பா பேர்ல கூப்பிடுது?"

"அதுவா? 'குடும்பப் பெயர்'னு ஒரு பெட்டி இருக்கு. அதை நிரப்பாம விட்டா அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அதனால அப்பா பேரைப் போட்டேன்."

"எழுத்தாளருங்களுக்கும் அப்படித்தான் போட்டீங்களா?"

"ஆமா, எல்லாருக்கும்..." என்று இழுத்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வர்ஷா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து 'அழகர்சாமி' என்று தட்டினாள்.

திரை நிறைந்துவிட்டது! குடும்பப் பெயரை வைத்துத்தான் இத்தனை நேரமும் கணினி தேடியிருக்கிறது. அழகர்சாமி, ஐந்தாம் அலமாரி. அழகர்சாமி, ஐந்தாம் அலமாரி. அழகர்சாமி, ஏழாம் அலமாரி. மொத்தம் பதினான்கு புத்தகங்கள்.

"பாவம், அவங்க ராத்திரி பகலா உக்காந்து எழுதினாங்க. பேர் எல்லாம் அவங்க அப்பாவுக்கா?" என்றாள் அமீரா.

மூவரும் சேர்ந்து புத்தகங்களை எடுத்து மேசையில் வைத்தார்கள். வர்ஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. நாளைக்கு இன்னொருவர் 'வைதேகி' என்று தேடினால் இல்லை என்றுதானே சொல்லும்?

"மாத்த முடியாதா ஆண்ட்டி?"

"ஐயையோ, கம்ப்யூட்டர்ல நான் கை வைக்க மாட்டேன்மா!"

ஆண்ட்டியின் கைப்பேசியை வாங்கி, புது நிரலைப் போட்டுக் கொடுத்த ஸ்ரீராம் அண்ணனை வர்ஷா அழைத்தாள். அவர் பக்கத்துப் புளோக்கில் இருக்கும் பொறியாளர்.

"தாராளமா மாத்தலாம்" என்றார் அவர். "இந்த புரோகிராமை எழுதினவங்க, யாரு வேணும்னாலும் பார்க்கலாம், தங்களுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம்னு திறந்துதான் விட்டிருக்காங்க. முதல்ல பேக்கப், அதான் ஒரு நகல், எடுத்து வச்சுடுங்க. அப்புறம் 'அமைப்பு'ங்கிற பக்கத்துக்குப் போங்க. என்ன மாத்தணும்னு நீங்கதான் சொல்லணும்."

ஆண்ட்டிக்குத் தைரியம் வந்துவிட்டது. "அந்தக் குடும்பப் பெயர் பெட்டியையே தூக்கிடலாம் லா! சனியன் விட்டது."

வர்ஷா தலையாட்டப் போனவள், சட்டென்று நிறுத்தினாள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் டான் வெய் லிங் நினைவுக்கு வந்தாள்.

"வேணாம் ஆண்ட்டி. வெய் லிங் வீட்டுல அவ, அவ அண்ணன், அப்பா எல்லாருக்கும் டான்தான் குடும்பப் பெயர். அவளுக்கு அந்தப் பெட்டி வேணும்ல? நம்ம பேர் சரியா வரணும்னு அவ பேரைத் தூக்கிடக் கூடாது."

"அப்ப என்னதான் செய்யறது?"

"அந்தப் பெட்டி இருக்கட்டும். ஆனா கட்டாயம் இல்லைன்னு மாத்திடலாம். கூட ஒரு புதுப் பெட்டி வைப்போம். 'உங்களை எந்தப் பெயரில் தேட வேண்டும்?'னு அவங்ககிட்டயே கேட்போம். அவங்க சொல்றதுதான் பேர்."

கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரீராம் அண்ணன் சிரித்துவிட்டார். "இது எனக்குத் தோணவே இல்லையே!" என்றார்.

அவர் வழி சொல்லச் சொல்ல வர்ஷா பெட்டியைச் சேர்த்தாள். வெள்ளிக்கிழமை மாலை முழுவதும் வர்ஷாவும் அமீராவும் புத்தகத்தின் முன்னட்டையைப் பார்த்துப் பார்த்து எழுத்தாளர் பெயர்களைத் திருத்தினார்கள். ஆண்ட்டி சூடாகக் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்து உற்சாகப்படுத்தினார்.

சனிக்கிழமை எழுத்தாளர் வந்தார். மேசை நிறையத் தன் புத்தகங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வர்ஷா ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் இதையெல்லாம் உங்க அப்பாதான் எழுதியிருந்தாரு, ஆண்ட்டி."

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்கப்பா பஸ் ஓட்டினவரு. கதை கேக்கத்தான் அவருக்குப் பிடிக்கும், எழுத உக்காரச் சொன்னா எந்திரிச்சுப் போயிடுவாரு!"

பிறகு, தானும் நூலகத்தில் உறுப்பினராகச் சேர வேண்டும் என்று கணினி முன் அமர்ந்தார். 'உங்களை எந்தப் பெயரில் தேட வேண்டும்?' என்று திரை கேட்டது. அவர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன் வர்ஷா. ஏர்போர்ட்ல 'மிஸ்டர் அழகர்சாமி'ன்னு கூப்பிடுவாங்க. நானும் போய் நிப்பேன். இதை ஒரு கம்ப்யூட்டர் என்கிட்ட கேக்குறது இதுதான் முதல் தடவை."

'வைதேகி' என்று ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகத் தட்டினார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கையெழுத்துப் போட உட்கார்ந்தார். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வரிசையில் முதல் ஆளாக நின்றது சுந்தரி ஆண்ட்டி.