ஒரு தரம் கூப்பிட்டால்

வெள்ளிமலையில் ஜீப் நின்ற இடத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பெரிய டிவியைத் தலையில் சுமந்து வந்தவன் கூலியாள் சின்னப்பையன்தான். இறக்கி வைத்த பிறகும் கழுத்து நேராகவில்லை. மரவள்ளி மூட்டை இதைவிடக் கனம். ஆனால் மூட்டை விழுந்தால் உடையாது. இது உடைந்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து வைத்த ஒவ்வொரு அடியும் அவனை ஓய்த்துப் போட்டிருந்தது.

"அண்ணா, இன்னொரு வேலையும் இருக்கு. கூலி சேத்துக் குடுத்துடறேன்," என்றாள் செந்தமிழ்ச்செல்வி டீச்சர். எலவனாசூர்கோட்டைக்காரி. மலைக்கு மாற்றலாகி வந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூடப் பார்க்காதவள். "வகுப்புக்குள்ள டவர் இல்ல. பின்னால சரிவுப் பக்கந்தான் கொஞ்சம் வருது. என் போனை மூங்கில் கழியில கட்டி, ஜன்னலுக்கு வெளிய தூக்கிப் புடிச்சிக்கினு நிக்கணும். நெட்டு போச்சுன்னா சக்கரம் சுத்தாது."

சக்கரம் என்று அவள் சொன்னது டிவியில் தெரிந்த வண்ண வட்டத்தை. ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு பிள்ளையின் பேர். டீச்சர் தொட்டால் சுற்றும். எந்தப் பேரில் நிற்கிறதோ அந்தப் பேரை ஒரு பெண்குரல் கூப்பிடும். எழுந்து பதில் சொல்லும் பிள்ளைக்கு ஒரு நட்சத்திரம். தலை நரைக்கிற வயதில் எழுத்துப் படித்தவன் சின்னப்பையன். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று எழுத்துக்கூட்டி மகள் பேரைக் கண்டுபிடித்துவிட்டான். நர்மதா. பச்சை.

உச்சி வேளைதான். ஆனாலும் சரிவிலிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அதோடு அழுகின பலாப்பழ வாடையும் ஏறியது. அது பலாக் காலமில்லை.

சக்கரம் சுற்றி நின்றது. "முருகவேல்," என்றது குரல்.

யாரும் எழவில்லை.

"டேய், உன் பேருதானே?"

"ஆமா டீச்சர்."

"அப்பறம் இன்னா, வாயில கொழுக்கட்டையா?"

முருகவேல் தரையைப் பார்த்தான். "முகம் தெரியாத குரலு கூப்புட்டா, மூணாந்தரம் கூப்புட்டப்பறந்தான் ஏன்னு கேக்கணும் டீச்சர். அது ஒரு தரந்தான் கூப்புடும்."

"எதுடா?"

பிள்ளைகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சரிவைப் பார்த்தார்கள்.

டீச்சர் சிரித்தாள். "அது காட்டுலடா. இது மிஷினு. மொத தரம் கூப்புட்டதும் எழுந்தா ரெண்டு நட்சத்திரம்."

சின்னப்பையனுக்குச் சுருக்கென்றது. மலையில் பிள்ளை பேசத் தொடங்கியதும் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அது. பதில் கொடுத்தால் வழி கொடுத்த மாதிரி. சொல்லலாமா என்று வாயெடுத்தான். படித்தவளுக்கு நாம் என்னத்தைச் சொல்வது என்று விட்டுவிட்டான்.

"நர்மதா," என்றது குரல்.

"இருக்கேன் டீச்சர்."

இரண்டு நட்சத்திரங்கள் மின்னின. மகள் அப்பனைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள்.

மறுபடி சுற்றியது. மறுபடி நர்மதா. அதற்கடுத்தும் நர்மதா.

"உங்க பொண்ணுக்கு இன்னைக்கி யோகந்தாண்ணா," என்றாள் டீச்சர்.

போனில் ஈரம் இறங்கியிருக்குமே என்று கழியைச் சாய்த்துத் துடைக்கப் போனான் சின்னப்பையன்.

போன் அணைந்து கிடந்தது.

உள்ளே சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"டீச்சர், போனு செத்துப் போச்சிங்க."

"சும்மா இருங்கண்ணா. நல்லாத்தானே சுத்துது."

அவன் டிவியைப் பார்த்தான். பச்சையில் நர்மதா. சிவப்பிலும் நர்மதா. மஞ்சளை எழுத்துக் கூட்டினான். நர்மதா. முழு வட்டத்திலும் வேறு பேரே இல்லை.

டீச்சரும் அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு நின்றது. விறுவிறுவென்று போய் ஒயரைப் பிடுங்கினாள். டிவி இருண்டது.

"நர்மதா."

குரல் டிவியிலிருந்து வரவில்லை. சின்னப்பையனின் முதுகுக்குப் பின்னால், பனிக்குள்ளிருந்து வந்தது.

உள்ளே மகள் எழுந்தாள். வாய் திறந்தாள்.

அவன் முந்திக்கொண்டான்.

"ஏன்?"

தொண்டைக்குள் யாரோ ஈரக்கையை விட்டு எதையோ எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது. அவ்வளவுதான். பனி அசையவில்லை. வாடை அடங்கிவிட்டது. நர்மதா ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தாள்.

"பழைய டிவியக் குடுத்து உயிர வாங்குறாங்க," என்றாள் டீச்சர். "போதும். புத்தகத்த எடுங்க." கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினாள்.

வா பாப்பா, வூட்டுக்குப் போலாம் என்று மகளைக் கூப்பிட வாய் திறந்தான் சின்னப்பையன்.

காற்றுதான் வந்தது.

மறுபடி முயன்றான். இருமல்கூட வரவில்லை.

அப்போது பள்ளிக்கூடத்தின் முன்பக்கம், வாசலுக்கு வெளியே, ஒரு ஆண்குரல் கேட்டது.

"நர்மதா."

கரகரத்த, களைத்த குரல். தினமும் சாயங்காலம் அவளைச் சோறு தின்னக் கூப்பிடுகிற குரல்.

அவனுடைய குரல்.

அப்பன் குரலுக்கு எந்தப் பிள்ளையும் மூன்று தரம் காத்திருப்பதில்லை.

"இன்னாப்பா?" என்று எழுந்தாள் நர்மதா.

"அப்பா கூப்புடறாரு பாரு. போயி கேட்டுட்டு வா," என்றாள் டீச்சர், பலகையிலிருந்து திரும்பாமலே.

சின்னப்பையன் கழியால் ஜன்னல் கம்பியை அடித்தான். முருகவேல் மட்டும் திரும்பிப் பார்த்தான். ஜன்னலில் நிற்கிற ஆளைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"இருங்கண்ணா, வந்துக்கினு இருக்கா," என்றாள் டீச்சர்.

கழியை வீசிவிட்டு, கல்லிலும் முள்ளிலும் தடுக்கி, சுவரைச் சுற்றி ஓடினான். முன்பக்கம் வந்து சேர்ந்தபோது பனி வாசற்படி வரை ஏறியிருந்தது. அழுகின பலாப்பழ வாடை குமட்டியது. கை நீட்டித் துழாவினான். யாருமில்லை.

கீழே, சரிவில், மகள் பேசிக்கொண்டே போவது கேட்டது. சந்தோஷமான பேச்சு.

"இன்னிக்கி எத்தினி நட்சத்திரம் வாங்கினேன்னு தெரியுமாப்பா உனக்கு?"

இன்னும் கொஞ்சம் கீழேயிருந்து அவன் குரல் பதில் சொன்னது.

"சொல்லு பாப்பா. சொல்லிக்கினே வா."