படித்து ஒப்பமிட்டார்

காலை எட்டே முக்காலுக்கு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு முறை பெருவிரலை அழுத்தினால்தான் தமயந்திக்குப் பொழுது விடியும். ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் மேசையிலும் கற்றுணை என்ற பேசும் இயந்திரம். பாடம் காட்டும், கேள்வி கேட்கும், பிள்ளைக்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொள்ளும். முந்தைய நாள் பிள்ளையும் கற்றுணையும் பேசிக்கொண்டது அத்தனையையும் வகுப்பாசிரியர் படித்துவிட்டு விரல் வைக்க வேண்டும். அதற்குப் பொறுப்பொப்பம் என்று பெயர்.

நல்ல விதிதான், குறை சொல்ல முடியாது. இயந்திரத்தை நம்பிப் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது, நடுவில் ஒரு மனிதக் கண் இருந்தே ஆக வேண்டும் என்று யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எழுதின புண்ணியவான் ஒரு நாளாவது வகுப்பெடுத்திருப்பாரா என்பது சந்தேகம். தலைக்கு ஆறு பக்கம் என்று வைத்தாலும் தினமும் இருநூற்றைம்பது பக்கத்துக்கு மேலே போகிறது. அதைப் படிப்பதா, பாடம் நடத்துவதா?

அந்தப் பள்ளி ஆசிரியர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சுருக்கி என்றொரு செயலி. பதிவேட்டை அதில் போட்டால், விதியில் சொன்ன மூன்று குற்றங்கள் உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்லிவிடும். விடையைக் கேட்டு வாங்கியது, அடுத்தவரைப் பார்த்து எழுதியது, கெட்ட வார்த்தை பேசியது. மூன்றும் இல்லை என்றால் பச்சை விளக்கு. பச்சையைப் பார்த்தால் விரலை வை, அவ்வளவுதான். ஏழு நிமிடத்தில் நாற்பத்திரண்டு பேரும் முடிந்து, ஆறிப் போகாத காபி கிடைக்கும். தமயந்தி ஒன்றும் சோம்பேறி இல்லை. பத்தொன்பது வருட சர்வீஸில் ஒரு பிள்ளையை அடித்ததில்லை. எல்லாரும் செய்ததைத்தான் அவளும் செய்தாள்.

வரிசை எண் இருபத்துமூன்று, நிவிஷா. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் அர்த்தநாரியின் மகள். ஜூனிலிருந்து ஒரு நாள்கூடச் சிவப்பு விழாத பிள்ளை. அதனால் நவம்பரில் ‘பொறுப்புள்ள மாணவி’ கேடயம் அவளுக்குத்தான் கிடைத்தது. மேடையில் தலைமையாசிரியர் பக்கத்தில் நின்று கேடயத்தை நீட்ட, அவள் நேராகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“வாங்கிக்கம்மா, என்ன வெட்கம்?” என்றார் அவர்.

கூட்டம் சிரித்தது. தமயந்தியும் சிரித்தாள். பிறகு எத்தனையோ முறை அந்தச் சிரிப்பை நினைத்து அவள் வெட்கப்பட்டாள்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை கற்றுணைகள் எல்லாம் பழுதுபார்க்கப் போய்விட்டன. தமயந்தி பல மாதம் கழித்துச் சாக்பீஸ் எடுத்து, ஒளிவிலகலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டாள். வகுப்பே முனகிக்கொண்டு நோட்டைத் திறந்தது. இரண்டாவது பெஞ்சில் நிவிஷா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன், மெஷின் இல்லாட்டி ஒரு வரி எழுத வராதா? கேடயம் வாங்கின ஆளு நீயே இப்படி உக்காந்தா மத்ததுங்க என்ன பண்ணும்? எந்திரிச்சு நில்லு.”

நின்றாள். பாடம் முடிகிறவரை நின்றாள். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போனதும் தமயந்தி அருகே வந்தாள்.

“இப்பவாச்சும் சொல்லு, ஏன் எழுதல?”

“தெரியல மிஸ்.”

“பாடம் தெரியலையா?”

“போர்டு தெரியல மிஸ். நடுவுல கொஞ்சம் தெரியுது. சுத்தி எல்லாம் இருட்டா இருக்கு.”

தமயந்தி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எத்தனை நாளா? ஏன் என்கிட்ட சொல்லல?”

நிவிஷா புரியாமல் பார்த்தாள். “சொன்னேனே மிஸ். கற்றுணைகிட்ட சொன்னேன். அது உங்களுக்குத் தெரிவிச்சுட்டேன்னு சொல்லுச்சு. நீங்க படிச்சுட்டு கையெழுத்துப் போட்டீங்கன்னும் சொல்லுச்சு. அப்பாகிட்டயும் சொன்னேன். மிஸ்ஸுக்குத் தெரியும்ல, அவங்க ஒன்னும் சொல்லலன்னா பயப்படாதன்னாங்க.”

தமயந்தி ஆசிரியர் அறைக்குப் போய், சுருக்கியை ஒதுக்கிவிட்டு, இருபத்துமூன்றாம் எண்ணின் பதிவேட்டை ஜூனிலிருந்து முதல் முறையாகத் திறந்தாள்.

‘பக்கத்தோட ரெண்டு ஓரமும் தெரிய மாட்டேங்குது’ என்று ஜூலை ஒன்பதாம் தேதி நிவிஷா சொல்லியிருந்தாள். ‘உன் உடல்நலம் பற்றி முடிவு சொல்ல எனக்கு அனுமதி இல்லை. உன் வகுப்பாசிரியருக்குத் தெரிவிக்கிறேன். அதுவரை பாடத்தை நடுவில் குறுக்கித் தருகிறேன்’ என்று கற்றுணை பதில் சொல்லியிருந்தது.

மறுநாள் நிவிஷா கேட்டிருந்தாள்: ‘மிஸ் பாத்தாங்களா?’

‘ஆம். காலை 8.49க்குப் படித்து ஒப்பமிட்டார்.’

ஆகஸ்டில், விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றாள். தெரிவித்தது. அக்டோபரில், படியில் தடுக்கி விழுந்தேன் என்றாள். தெரிவித்தது. பதினொரு முறை சொல்லியிருக்கிறாள், பதினொரு முறையும் கீழே அதே வரி. அந்த இயந்திரத்தின் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மனிதர் முடிவெடுக்கட்டும் என்று காத்திருந்தது. காத்திருந்த காலத்தில் எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தைக் குறுக்கி, வாய்விட்டுப் படித்துக் காட்டி, மதிப்பெண் குறையாமல் பார்த்துக்கொண்டது. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் சேலத்தில் கண் மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது. போன பார்வை போனதுதான். மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். ஜூலையிலேயே வந்திருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம்.

வெளியே பெஞ்சில் மகளை உட்கார வைத்துவிட்டு அர்த்தநாரி தமயந்தியிடம் வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். போடவில்லை.

“பாப்பா சொன்னதை நீங்க படிச்சீங்களாங்க டீச்சர்?”

படித்தேன், சாதாரணக் களைப்பு என்று நினைத்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஒப்பம் அப்படித்தான் சாட்சி சொல்லும்.

“படிக்கலைங்க. ஒரு நாளும் படிக்கல.”

“நீங்க பாத்துட்டீங்கன்னு சொன்னதாலதான் நான் ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போகலைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தமயந்திக்கு.

புதன்கிழமை முதல் வேலையாக அவள் கல்வி அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதினாள். எந்த இயந்திரத்தையும் தொடாமல் வெள்ளைத்தாளில் கையால் எழுதினாள். ஏழு மாதமாகப் படிக்காமலே ஒப்பமிட்டதை எழுதினாள். மற்ற வகுப்புகளிலும் இதே கதைதான், எல்லாப் பதிவேடுகளையும் உடனே ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதினாள். எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள் என்று முடித்தாள். நான்கு பக்கம். பத்து நாற்பதுக்குப் படம் பிடித்து அனுப்பினாள்.

பத்து நாற்பத்திரண்டுக்குப் பதில் வந்தது.

‘தங்கள் விளக்கம் முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டது. தங்கள் வகுப்பில் நிலுவை ஒப்பம் ஏதும் இல்லை. கடமை குறைவின்றிச் செய்யப்பட்டுள்ளதால் கோப்பு முடிக்கப்படுகிறது.’ கீழே சின்ன எழுத்தில்: ‘அலுவலர் படித்து ஒப்பமிட்டார்.’

தமயந்தி அதை மூன்று முறை படித்தாள். ஆத்திரம் வந்தது. ஆனால் யார் மேல் ஆத்திரப்படுவது? அந்த அலுவலர் மேசையில் எத்தனை கடிதம் கிடக்கிறதோ, அவருக்கும் காபி ஆறிவிடும் போல.

புதன்கிழமையே கற்றுணைகள் பழுதுபார்த்துத் திரும்பி வந்திருந்தன. வியாழக்கிழமை எட்டு மணிக்கே அவள் வந்து உட்கார்ந்தாள். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்து, ஒரு வரி விடாமல் படித்தாள். ஆறாம் எண் சாதனா, வீட்டில் இரண்டு நாளாகச் சமைக்கவில்லை என்று சொல்லியிருந்தாள். தமயந்தி எழுந்து போய் அவளைத் தேடிப் பிடித்து, இட்லி வாங்கிக் கொடுத்து, என்ன ஏது என்று விசாரித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். இடைவேளையில் படித்தாள், சாப்பிட்டுக்கொண்டே படித்தாள். ஆறு பக்கம் என்று அவள் நினைத்திருந்தது தப்புக் கணக்கு. சில பிள்ளைகள் இருபது பக்கம் பேசியிருந்தார்கள், பேச வேறு ஆள் இல்லாததுபோல.

பள்ளி விடும் மணி அடித்தபோது ஒன்பது பேரை முடித்திருந்தாள். ஒன்பது ஒப்பம் வைத்தாள். படித்து வைத்த ஒப்பம். மீதி முப்பத்துமூன்றும் திரையில் சிவப்பாக நின்றன.

நாலே காலுக்கு அலுவலகத்திலிருந்து அவளுக்கு முதல் எச்சரிக்கை வந்தது: ‘பொறுப்பொப்பத்தில் கடுமையான குறைபாடு. மூன்று நாட்களுக்குள் விளக்கம் தேவை.’

அதை ஒதுக்கிவிட்டுத் தமயந்தி பத்தாம் எண்ணைத் திறந்தாள். நிவிஷாவின் எண்ணுக்கு இன்னும் பதின்மூன்று பேர் இருந்தார்கள்.