விற்றுப்போன நைனா

இரண்டு வருஷமாகத் தரையில் பதியாத பாதத்தில் கொப்புளம். வினிதா ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு காலையும் தூக்கிப் பார்த்தாள். அதிலும் இருந்தது. உச்சி வெயிலில் தார் ரோட்டில் நாளெல்லாம் நடந்தவன் கால்போல இரண்டும் வெந்து கிடந்தன.

அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா மண்ணாங்கட்டி, கத்திவாக்கத்தில் கட்டுமரம் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வாய் கோணி, கை கால் விழுந்து, கண் மட்டும் மிச்சமாகிக் கட்டிலில் கிடந்தார். படுக்கைப் புண் முதுகில் வரும், இடுப்பில் வரும், உள்ளங்காலில் எப்படி வரும்? களிம்பைத் தடவிவிட்டு போனை எடுத்தாள். ராத்திரி எத்தனை காசு ஏறியிருக்கிறது என்று பார்க்கிற அவசரம் அவளுக்கு.

காசு என்றால் விளையாட்டுக் காசு. அந்த ஆன்லைன் விளையாட்டில் நாமே உருவம் செய்து விற்கலாம். வாங்குகிறவர்கள் அந்த உருவத்தை வைத்து ஓடுவார்கள், குதிப்பார்கள், சண்டை போடுவார்கள். திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை, கம்பெனியே சொல்லித்தந்த நேர்வழி. சேர்ந்ததை நிஜப் பணமாக மாற்றி நைனாவுக்குக் கால் பயிற்சி கொடுக்க ஆள் வைக்க வேண்டும், அவர் ஒரு தடவையாவது எழுந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இளவரசி செய்தாள், வீரன் செய்தாள், ஒரு நாய்கூடச் சீண்டவில்லை. போன வாரம் எரிச்சலில் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நைனாவையே படம் பிடித்து, கோணவாயும் கட்டம்போட்ட லுங்கியுமாக ஏற்றிவிட்டாள். பிய்த்துக்கொண்டு போனது.

கொப்புளம் கண்ட மறுநாள் காலை அவருடைய இடது கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது.

"நைனாவ அடிச்சியாடா?" என்று தம்பி திலீப்பைக் கேட்டாள்.

"இன்னாக்கா, லூசாய்ட்டியா? நானே இப்பதான் போட்லருந்து வந்துகினு கீறேன்."

அவன் மேல் மீன் வாடையும் டீசல் வாடையும் அடித்தது. பொய் சொல்லவில்லை. அவள் போனைத் திறந்தாள். யாரோ ஒரு வீடியோ போட்டிருந்தான். லுங்கிக் கிழவனை நடுவில் நிறுத்தி, நாலு பேர் சுற்றி நின்று கட்டையால் முறை வைத்து அடிக்கிறார்கள். ஒவ்வொரு அடியும் இடது கன்னத்தில். பின்னால் பிள்ளைகளின் சிரிப்பு. வினிதா விற்பனையை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். பதில் உடனே வந்தது: 'விற்பனை நிறுத்தப்பட்டது. முன்பே வாங்கியவர்களிடம் இந்த உருவம் என்றும் இருக்கும்.'

அவளிடமும் ஒன்று இருந்தது. அதன் வலது கையைத் தூக்கும் பொத்தானைத் தொட்டாள்.

கட்டிலில் நைனாவின் வலது கை எழுந்தது.

"ஐயோ, நைனா!" சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதை மறைத்தால் பொய். மறுபடி தொட்டாள். மறுபடி எழுந்தது. நடக்கும் பொத்தானையும் தொட்டாள். அவர் எழுந்தார். சுவர்வரை நடந்தார், சுவரில் முகம் மோதியது, மோதிக்கொண்டே நடந்தார். ஓடிப்போய்த் திருப்பியபோது மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. கண் இரண்டும் அவளைப் பார்த்துக் கெஞ்சின. நாசமாய்ப் போகிற என் கை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தம்பியும் அவளுமாக அவரைப் படுக்க வைத்தார்கள். போனை அணைத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். வெளியே கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு போயின, ஜன்னல் கம்பி அதிர்ந்தது, கருகல் வாடை காற்றோடு வீட்டுக்குள் வந்தது. மத்தியானம் ஆயிற்று. எங்கெங்கோ வேறு தேசங்களில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் விளையாட உட்காருகிற நேரம்.

நைனாவின் கால் துடித்தது.

யாரும் எதையும் தொடவில்லை. இடுப்பு வெட்டியது. தோள் குலுங்கியது. எழுந்தார். ஆடினார். ஒருவனுக்காக இல்லை. ஒரு கை ஒருவனுக்கு. ஒரு கால் இன்னொருவனுக்கு. தலை வேறு எவனுக்கோ.

"அக்கா, கால புடி! புடிக்கா!"

பிடித்தார்கள். உதறினார். வலைக்கயிற்றால் கட்டிலோடு கட்டினார்கள். கட்டில் ஆடியது. முழங்காலில் ஏதோ முறிந்தது. அப்புறமும் ஆடினார். சத்தமே போடாமல். வாயில் நுரை. ஒரு மணி நேரம். இரண்டு. மூன்று.

நாலு மணிக்கு மூச்சு நின்றது. உடம்பும் நின்றது. வினிதா அவர் மார்பில் விழுந்து அழுதாள். துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம். இனி எவனும் என் நைனாவைத் தொட முடியாது என்று வாய்விட்டே சொன்னாள்.

அடுத்த நாள் ஐஸ் பெட்டி வந்தது, மாலைகள் வந்தன, வாசலில் சாவு மேளம் கிளம்பியது. திலீப்பும் அவன் தோஸ்துகளும் குடித்துவிட்டுத் தெருவை அடைத்து ஆடினார்கள்.

"இன்னா நிம்மதியா தூங்குறாரு பாரு மனுசன்," என்று எதிர்வீட்டு பூவம்மா மூக்கைச் சிந்திவிட்டு வெளியே போனாள். உள்ளே வினிதா மட்டும் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள்.

டொக்.

கண்ணாடியில் உள்பக்கம் பனி. துடைக்க முடியாது. குனிந்து பார்த்தாள்.

டொக். டொக்.

சேர்த்துக் கட்டிய கால் கட்டைவிரல்கள். துணி அறுந்திருந்தது.

முழங்கை கண்ணாடியில் இடித்தது. இடுப்பு வெட்டியது. முறிந்த முழங்கால் தப்பான பக்கம் மடங்கி மேலே வந்தது. மாலையின் ரோஜா இதழ்கள் பெட்டிக்குள் பறந்தன.

வாசலில் மேளக்காரர்கள் டீ குடிக்க நிறுத்தினார்கள். பெட்டிக்குள் ஆட்டம் நிற்கவில்லை.