சத்தம் போடாத கதவு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. டிவியை அணைத்துவிடுங்கள், இந்தக் கதையைக் காதால்தான் பார்க்க வேண்டும். கடப்பேரியில் ஒரு வீடு. அங்கே பேய் இல்லை, பிசாசு இல்லை. பயம் மட்டும் உண்டு.

முதலில் நின்றது சமையலறைக் குழாய்.

சனிக்கிழமை காலை காப்பி போடப் போன ஜெயசீலிக்கு வீட்டில் ஏதோ குறைவது போலிருந்தது. நின்று கேட்டாள். வருடக்கணக்காகப் பாத்திரத் தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்த குழாய் சொட்டவில்லை. பின்னால் அவள் கணவன் ஆரோன், குளித்து, சவரம் செய்து, கையில் ஸ்பேனரோடு நின்றிருந்தான்.

"வாஷர் போயிருந்துச்சு, சீலி. மாத்திட்டேன்," என்று சிரித்தான்.

அவன் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவன் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். மனச்சோர்வு என்றார் டாக்டரம்மா. ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் இல்லன்னா உனக்கு லேசா இருக்கும்ல?" என்று கேட்டான். அன்றோடு அவள் தூக்கம் போயிற்று. மழையில் கீல் துருப்பிடித்த படுக்கையறைக் கதவு அசைந்தாலே கிறீச்சிடும். அந்தச் சத்தத்தைக் காவலுக்கு வைத்துத்தான் கண்ணயர்வாள். கிறீச்சென்றால் விழித்து, அவன் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக் கிடப்பாள்.

டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தார். "மெதுவாத்தான் தேறுவார். திடீர்னு ஒரே நாள்ல ரொம்ப நல்லாயிட்டா, உடனே எனக்கு போன் பண்ணுங்க. மனசுக்குள்ள முடிவு எடுத்துட்டவங்களுக்கும் அப்படி ஒரு நிம்மதி வரும்."

மதியத்துக்குள் ஃபேனின் டக்டக் நின்றது. பிறகு குளியலறைத் தாழ்ப்பாளின் உரசல். சாயங்காலம் அவன் அக்கா ஜோசலின் வந்தபோது, யாரையும் தொடவிடாத தன் கிடாரைத் துடைத்து, "உன் பொண்ணுக்கு," என்று கொடுத்துவிட்டான்.

"பாத்தியா, உபவாச ஜெபம் வீண் போகல," என்றாள் ஜோசலின். "பொண்ணு பார்க்க வந்தன்னைக்குக்கூட இவன் இவ்வளவு பல்லைக் காட்டல."

"அண்ணி, டாக்டருக்கு ஒரு போன் பண்ணிடவா?"

"எதுக்கு, புருஷன் சிரிக்கிறான்னு கம்ப்ளெய்ண்ட் பண்ணவா? நாளைக்கு சர்ச்ல சாட்சி சொல்லப் போறான். இப்பப் போய் பயப்படுறியே, அது அவிசுவாசம்மா."

ஜெயசீலி போனைக் கீழே வைத்தாள். திங்கட்கிழமை பண்ணிக்கொள்ளலாம்.

ஞாயிறு ஆராதனையில் ஆரோன் மைக்கைப் பிடித்து, "எனக்கு இப்ப ஒரு பாரமும் இல்ல," என்றான். சபையே கைதட்டியது. ஊருக்குக் கிளம்பிவிட்டவன் கையசைப்பது போல அவன் எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். ஜெயசீலி மட்டும் கைதட்டவில்லை.

மதியம் பிரியாணி. சாப்பிட்ட தட்டுகளை அவனே கழுவினான். "தூங்கு சீலி. நீ நிம்மதியா தூங்கி எத்தன நாளாச்சு," என்று அவள் நெற்றியில் கை வைத்தான். அந்த உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் வாசம். தலைக்கு வைத்திருப்பான் என்று நினைத்தாள். சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் மின்ரயில் போகிற ஓசை தேய்ந்து தேய்ந்து மறைய, பட்டை கிராம்பு மணமும் ஜன்னல் கொடியில் கிடந்த ஈரத் துணியின் குளுமையும் கண்ணிமையில் வந்து உட்கார, பல மாதக் களைப்பு மொத்தமாக அவளை உள்ளே இழுத்துக்கொண்டது.

விழித்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது.

பக்கத்தில் தலையணை. தட்டி, நேராக வைக்கப்பட்டிருந்தது.

"ஏங்க?"

குழாய் சொட்டவில்லை. ஃபேன் சுற்றியது. சத்தமில்லை.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது.

அவளுக்குக் கேட்கவில்லையே.

தள்ளினாள். சத்தமில்லை. இழுத்தாள். சத்தமில்லை. கீலைத் தொட்டாள். விரலெல்லாம் தேங்காய் எண்ணெய்.

ஹால் கதவு. திறந்திருந்தது. கீலில் எண்ணெய்.

வெளிக் கேட். திறந்திருந்தது. எண்ணெய்.

மூன்றும் ஒரே நேராக, தெருவரை. வாசலில் அவன் செருப்பு ஜோடியாக இருந்தது. மேஜைமேல் அவன் போன், வாட்ச், மோதிரம்.

தன் போனை எடுத்தாள். டாக்டரம்மா பெயரை அழுத்தினாள். விரல் வழுக்கியது. புடவையில் துடைத்தாள். அழுத்தினாள். வழுக்கியது. மறுபடி. மறுபடி.

அவள் முதுகுக்குப் பின்னால் காற்றுக்குக் கதவு மூடியது. திறந்தது. மூடியது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா. ஆரோன் போன இடத்தை என் வாயால் சொல்ல மாட்டேன். பத்திரமாகப் போய் வாருங்கள். உங்கள் வீட்டுக் குழாய் சொட்டட்டும், கதவு கிறீச்சிடட்டும். உள்ளே ஒருவர் அழுதால் அடுத்த அறைக்குக் கேட்கட்டும். அழுதவர் திடீரென்று அடங்கிப்போனால் அதுவும் கேட்கட்டும். கேட்டவர் திங்கட்கிழமைக்குத் தள்ளாமல் அந்த நிமிடமே எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரட்டும். உங்கள் வீடு நிறைந்து, கலகலவென்று, நீண்ட நாள் இருக்கட்டும்.