தலையணைக்கு அடியில் டிஸ்க்

பட்டப்பகலில்தான் அவள் அந்த வீட்டுக்குப் போனாள். மாலைக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். சாமான்கள் முந்தின வாரமே போய்விட்டன. மிச்சமிருந்தவை ஒரு டிவி, அதன் கீழே தம்பியின் கேம் கன்சோல், எதிரே ஒரு நாற்காலி. நாற்காலியில் அம்மா.

அம்மாவைக் கிளப்புவதுதான் இன்றைய வேலை. தம்பி போய் ஐந்து வாரமாகிறது. நான்கு நாட்களாக அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை, தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி போனில் சொல்லியிருந்தாள். இன்னும் இரண்டு நாள் இப்படியே போனால் அம்மாவும் மிஞ்சமாட்டாள்.

கதவைத் திறந்ததும் ஒரு வாடை. பிளாஸ்டிக் கருகிய வாடை.

அவள் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். முதலில் ஒயரைத்தான் சந்தேகித்தாள். குனிந்து பிளக்கைத் தொட்டாள், கன்சோலின் முதுகைத் தடவினாள். எல்லாம் குளிர்ந்து கிடந்தன.

“மெதுவா நட,” என்றாள் அம்மா, திரும்பாமல். “தம்பி ஆடிட்டிருக்கான்.”

திரையில் ஒரு சின்ன மனிதன் இருண்ட சுரங்கத்தில் போய்க்கொண்டிருந்தான். நின்றான். பள்ளத்தைப் பார்த்தான். இரண்டடி பின்வாங்கி ஓடிவந்து தாண்டினான். தம்பி தாண்டுவதும் அப்படித்தான், எப்போதும் இரண்டடி பின்வாங்கி.

கண்ட்ரோலர் தரையில் கிடந்தது. யார் கையும் அதன்மேல் இல்லை.

திரையின் மூலையில், ஆள் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி. பக்கத்தில் ‘தூங்குமூஞ்சி’ என்ற பெயர். அந்தப் பட்டத்தை அவனுக்குச் சூட்டியதே அவள்தான். அவன் வெட்கமில்லாமல் அதையே தன் கணக்குக்கு வைத்துக்கொண்டான்.

மற்ற எதிலும் ஒற்றுமையான அக்கா தம்பி, இந்த ஒரு விஷயத்தில் எலியும் பூனையும். அவள் எல்லா கேமையும் டவுன்லோடாகவே வாங்குவாள். அவள் வீட்டுக் கன்சோலில் டிஸ்க் போடும் வாயே கிடையாது. அவனுக்கோ டிஸ்க் கையில் இருக்க வேண்டும், அட்டைப்பெட்டியோடு. நீ குப்பை சேர்க்கிறாய் என்பாள் அவள். “டவுன்லோடுங்கறது வாடகை வீடுக்கா,” என்பான் அவன். “நாளைக்கே காலி பண்ணுன்னுவான். டிஸ்க்குன்னா சொந்த வீடு. நான் செத்தாலும் என்னோடது.”

இத்தனைக்கும் அந்த டிஸ்க் வெறும் சாவிதான். கேம் முழுவதும் கன்சோலுக்குள் ஏறிவிடும். ஆனால் டிஸ்க் உள்ளே இல்லாவிட்டால் ஓடாது.

சின்ன வயதில் இருவருக்கும் சேர்த்து ஒரே டிஸ்க். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். தோற்றவர் டிஸ்க்கை எடுத்து அடுத்தவரின் தலையணைக்கு அடியில் வைத்துவிட வேண்டும். வைத்தால், இனி உன் முறை என்று அர்த்தம். மறுபேச்சு கிடையாது. வளர்ந்து வேலைக்குப் போன பிறகும், அவள் இந்த வீட்டில் தங்கும் நாட்களில் அந்தச் சட்டம் மாறவில்லை.

ஐந்து வாரத்துக்கு முன், தகனத்துக்குக் கொண்டுபோகும் பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்பு, யாருக்கும் தெரியாமல் அவனுக்குப் பிடித்த டிஸ்க்கைக் கொண்டுபோய் அவன் தலையணைக்கு அடியில் செருகியது அவள்தான். அவளுக்கு வேறு எப்படி விடைகொடுப்பது என்று தெரியவில்லை.

மின்தகன அறையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும். அந்தச் சூட்டில் டிஸ்க்கின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மிஞ்சாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்த கேம்தான் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

டிஸ்க்கை வெளியே தள்ளும் பொத்தானை அழுத்தினாள். உள்ளே ஏதோ சுழன்று நின்றது. ஒன்றும் வரவில்லை. போன் வெளிச்சத்தை அந்த வாய்க்குள் அடித்துப் பார்த்தாள்.

காலி.

சின்ன மனிதன் மட்டும் நின்றுவிட்டான். நின்று, திரும்பி, திரைக்கு வெளியே பார்த்தான்.

அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். ஆனால் அம்மாவின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததும் கண்ணில் பட்டது. பயப்பட நேரமில்லை.

“அம்மா, கிளம்பலாம்.”

“அவனை விட்டுட்டா?”

அப்போதுதான் அவள் ஒரு பொய்யைச் சொன்னாள். அம்மாவுக்காக, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

“அவனும் வரட்டும்மா. என் வீட்டுல டிஸ்க்கே வேண்டாம். டேய், அங்க வந்து ஆடுடா.”

பச்சைப் புள்ளி அணைந்தது.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

போகும் வழியிலேயே கன்சோலையும் டிவியையும் பழைய சாமான் வாங்கும் கடையில் இறக்கினாள். சாவியை ஒப்படைத்தாள். வீடு வந்ததும் அம்மா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். வைத்தது போதுமா என்று கேட்டுக் கேட்டுப் போட்டபோது, நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது போலிருந்தது. ஒயர் கோளாறு, சர்வர் கோளாறு, துக்கத்தில் வந்த மயக்கம் என்று காரணங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

கூடத்தில் ஏதோ சுழலும் சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம். டிஸ்க் ஒன்று வேகம் பிடிக்கிற சத்தம்.

ஈரக்கையோடு வந்து பார்த்தாள். அவளுடைய கன்சோல்தான். வழவழவென்ற வெள்ளை முகம், கீறலளவுகூடத் திறப்பு இல்லாதது. அதற்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. திரையில் சுரங்கம். சின்ன மனிதன் ஓடிவந்தான்.

இந்த முறை அவன் பின்வாங்கவில்லை. நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தான்.

சுழற்சி நின்றது. டிஸ்க்கைச் செருகவும் என்று திரையில் எழுத்து வந்தது. வாயில்லாத அந்தக் கன்சோல் ஒருநாளும் கேட்டிராத ஒன்று.

சோபாவில் அம்மா தெம்பாக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

“வேணும்னே தோத்துட்டான், பாவி,” என்றாள். “தனியா ஆடி அலுத்துப்போச்சாம்.”

கருகிய வாடை இப்போது படுக்கையறையிலிருந்து வந்தது.

காலையில் அவள் தட்டிப் போட்டுவிட்டுப் போன தலையணை அப்படியே இருந்தது. வெள்ளை உறை. அதன் நடுவில், அடியிலிருந்து மேலேறி, வட்டமாக ஒரு பழுப்பு மெல்ல விரிந்துகொண்டிருந்தது.